விடான்ஜ் என்றால் குப்பை

மொன்றியலை அடுத்த லவாலின் வடக்கு ஓரத்தில், பெருஞ்சாலைக்கும் ஒரு மெத்தைக் கடைக்கும் நடுவில் இருந்த வாகன வாடகை நிலையத்தில், அருளம்பலம் ஆறு பக்கப் படிவமொன்றை வாசிக்காமல் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தேவையில்லை என்பது அவருடைய கொள்கை. கியூபெக்குக்கு வந்து முப்பத்தொரு வருடமாகிவிட்டது. சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தெரிந்த தமிழர் யாருக்காவது நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் முதலில் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "இது ஒண்டுமில்லை, சும்மா ஒரு அறிவித்தல்" என்பார். பெரும்பாலான கடிதங்கள் சும்மா அறிவித்தல்களாகவே இருந்ததால் அவருடைய பிரெஞ்சுக்கு நல்ல பெயர் இருந்தது.

மேசைக்கு அப்பால் இருந்த பெண்ணின் சட்டையில் செலீன் என்று பெயர் குத்தியிருந்தது. அவள் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டி, விடான்ஜ் நீங்களே செய்வீர்களா அல்லது வண்டி திரும்பி வந்ததும் நாங்கள் செய்யவா என்று கேட்டாள்.

மொன்றியலில் விடான்ஜ் என்றால் குப்பை. பையில் கட்டி வாரமொருமுறை காலையில் வீட்டு வாசலில் வைப்பது. "விடான்ஜ் வைச்சாச்சோ?" என்பது அருளம்பலத்தின் வீட்டில் தமிழாகவே மாறிவிட்டது. நான்கு நாள் குப்பையைக் கொட்ட ஒரு நிறுவனம் தனியாக ஆள் வைத்திருப்பதை நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்தது.

"வுய், வுய். நூ," என்றார். ஆம், நாங்களே.

பக்கத்தில் நின்ற மனைவி யோகராணி, "இஞ்சேருங்கோ, உது வந்து குப்பையில்லை..." என்று தொடங்கினார்.

"நீர் பேசாமல் இரும். நான் கதைக்கிறன் எல்லே."

யோகராணி பேசாமல் இருந்தார். முப்பது வருடத் திருமணத்தில் அவர் நன்றாகப் பழகிய வேலைகளில் அதுவும் ஒன்று.

வாடகைக்கு எடுத்தது ஆறு பேர் படுக்கக்கூடிய மோட்டர்ஹோம். அடுப்பு, குளிர்பெட்டி, மேசை, கட்டில், ஒரு மூலையில் அலுமாரி அகலத்தில் கழிவறை. எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் சிவாஜினி, லாசாலில் இருக்கும் அபினவ் என்ற பையனைக் கட்டுவதாக முடிவு செய்திருந்தாள். சென்னையிலிருந்து படிக்க வந்து, இப்போது ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். பெண்ணையும் பெண்வீட்டாரையும் பார்க்க அவனுடைய பெற்றோர் விமானம் ஏறி வந்திருந்தார்கள். அப்பா சௌந்தரராஜன் வங்கி மேலாளராக ஓய்வுபெற்றவர். அம்மா கனகவல்லி வீட்டை மேலாண்மை செய்பவர், ஓய்வுபெறும் எண்ணம் இல்லாதவர். இவர்களை மகனுடைய இரண்டு அறை வீட்டில் அடைத்து வைப்பது மரியாதையில்லை, கடற்கரைப் பூங்கா ஒன்றில் நான்கு நாள் வைத்து உபசரிப்போம் என்று அருளம்பலம் தீர்மானித்தார்.

அவருக்குள் ஒரு பயம் மட்டும் இருந்தது. போன பங்குனியில், முதல் வீடியோ அழைப்பில், "அம்மா என்ன பண்றாங்க?" என்று கனகவல்லி கேட்டபோது, "ஆஸ்பத்திரியிலை நர்ஸ்" என்று சொல்லிவிட்டார். நாக்கு தானாகச் சொன்னது. யோகராணி ஒரு முதியோர் இல்லத்தில் ப்ரெபோஸே. தனியாக எழும்ப முடியாதவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, உடுப்பு மாற்றுகிற வேலை. பத்தொன்பது வருடம். லவால் வீட்டின் பாதிச் சுவர்கள் அந்த வேலையில் எழும்பியவை. ஆனாலும் அருளம்பலம் வெளியில் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. தமிழரிடம் "ஆஸ்பத்திரி வேலை" என்பார். சென்னைக்கு ஒரு படி கூட்டி நர்ஸ் ஆக்கினார். உண்மை தெரிந்தால் சௌந்தரராஜன் ஃபைலை மூடிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார் என்பது அவருடைய கணிப்பு.

"அப்பா, நான் அவைக்குச் சொல்லப்போறன்," என்று சிவாஜினி இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

"கலியாண எழுத்து முடியட்டும். பேந்து சொல்லுவம்."

யோகராணி மட்டும், "நீங்கள் சொன்னதை நீங்களே பாருங்கோ" என்று விட்டுவிட்டார்.

புறப்படும் காலையில் லாசாலில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, அருளம்பலம் கம்பீரமாகக் கேட்டார்:

"எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?"

கனகவல்லியின் முகம் சிவந்தது. கணவர் பக்கம் சாய்ந்து, "என்னங்க இது, எல்லார் முன்னாடியும் கேக்கறார்?" என்று முணுமுணுத்தார்.

சௌந்தரராஜன் யோசித்தார். "வண்டிக்குள்ளயே டாய்லெட் இருக்கில்ல, அதான் கணக்குக்குக் கேக்கறார் போல." பிறகு குரலை உயர்த்தி, "ஆச்சு சார், காலைலயே வீட்ல முடிச்சிட்டோம்," என்றார்.

சிவாஜினி வாயைப் பொத்திக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது, வெளிக்குப் போவது அல்ல என்று விளக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். கனகவல்லி மட்டும் சிரித்து முடித்த பிறகு கழிவறைக் கதவையும், அதிலிருந்து இரண்டடி தள்ளியிருந்த அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிஸ்டர், இவ்வளவு பக்கத்துலயா வெச்சிருக்காங்க?" என்று யோகராணியிடம் கேட்டார். நர்ஸ் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கனகவல்லிக்கு யோகராணி சிஸ்டர்தான்.

"அதொண்டும் பிரச்சினையில்லை," என்று அருளம்பலம் முன்னிருந்து பதில் சொன்னார். "நல்ல சுத்தம். நீங்கள் யோசிக்காமல் பாவியுங்கோ."

"பாவியா?" என்றார் கனகவல்லி.

"யூஸ் பண்ணச் சொல்றாங்கம்மா," என்றான் அபினவ். ஒரு வருடக் காதலில் அவனுக்கு இவ்வளவும் புரிந்திருந்தது.

தண்ணீர்ப் பக்கமாகவே எட்டு மணிநேரம் ஓடினார்கள். போகப் போக ஆறு அகன்று, மறுகரை மங்கி, உப்பு வாசம் வந்தது. சௌந்தரராஜன் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் போல அதைப் பார்த்தார்.

"இது ஆறா சார், கடலா?"

"இதிலையிருந்து கடல் எண்டுதான் இவங்கள் சொல்லுறவங்கள்."

"சொல்றாங்க, சரி," என்றார் சௌந்தரராஜன். ஆவணம் பார்க்காமல் ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

பூங்கா வாசலில் ஒரு பலகை இருந்தது. அருளம்பலம் வண்டியை மெதுவாக்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "பாருங்கோ. ஸ்தாஸியோன் து விடான்ஜ். குப்பைக்குக்கூட ஒரு ஸ்டேஷன் கட்டி வைச்சிருக்கிறாங்கள். இந்த நாட்டுச் சுத்தம் அப்பிடி."

விருந்தாளிகள் வியந்தார்கள். யோகராணி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாட்கள் நன்றாகவே போயின. கடல் காலையில் அரைக் கிலோமீட்டர் பின்வாங்கி, மத்தியானம் திரும்பி வந்தது. ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கரையில் நாற்காலி விரித்து அதைப் பார்த்தார்கள். பக்கத்து இடத்தில் லோங்கேயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர், தன் வண்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாரைகள் நட்டு, காலையிலிருந்து மாலைவரை எதையாவது துடைத்துக்கொண்டிருந்தார். யோகராணி அந்தச் சிறிய அடுப்பில் ஆறு பேருக்கு இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் செய்தார். கனகவல்லிக்குத் தனியாகச் சாம்பார். அருளம்பலம் ஒவ்வொரு காலையும் எல்லாரும் பார்க்கும்படி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, "விடான்ஜ் முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி, பூங்காவின் பெரிய தொட்டிக்கு நடந்தார்.

ஆபத்து வந்தது மருந்து வடிவில். இரண்டாம் நாள் கனகவல்லி ஒரு பை மாத்திரைகளை மேசையில் கொட்டினார்.

"சிஸ்டர், இந்த பிரஷர் மாத்திரையையும் இந்த சுகர் மாத்திரையையும் ஒண்ணா போடலாமா?"

"அதை டொக்டரிட்டைத்தான் கேக்கவேணும் அக்கா."

"நீங்க நர்ஸுதானே, சும்மா சொல்லுங்க."

"அவ லீவிலை வேலையைப் பற்றிக் கதைக்கமாட்டா," என்றார் அருளம்பலம் கதவருகில் இருந்து. "அவையின்ரை சட்டம் அப்பிடி. ரகசியப் பிரமாணம்."

சௌந்தரராஜன் மரியாதையாகத் தலையசைத்தார். வங்கியிலும் அப்படித்தான் என்றார்.

அந்த மத்தியானம் சுவரிலிருந்த சிறிய பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அருளம்பலம் அதன்மேல் ஒரு துவாயைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு வாசம் வந்தது. ஊதுபத்தி கொளுத்தினார். மூன்றாம் நாள் காலையில் கழிவறைக்குள் போன கனகவல்லி போன வேகத்தில் திரும்பி வந்து, எதுவும் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கி, நாரைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சிவாஜினி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, நிரம்பி மேலை வருது."

அந்த நேரம் பார்த்துப் பூங்காவின் தாடிக்கார ஊழியன் ஒருவன் நான்குசக்கர மோட்டாரில் வந்து நின்றான். மூக்கைச் சுருக்கினான். நீங்கள் விடான்ஜ் செய்யவேண்டும், ஐயா, என்று பிரெஞ்சில் சொன்னான்.

அருளம்பலம் புன்னகைத்துப் பெரிய தொட்டியைக் காட்டினார். செய்தாகிவிட்டது. தினமும் செய்கிறேன்.

அவன் தலையசைத்து மறுத்தான். வண்டியின் அடிவயிற்றைக் காட்டினான். பிறகும் அவர் புன்னகைத்ததால் மோட்டாரிலிருந்து இறங்கி, கொஞ்சம் குந்தி, எழும்பி, கையால் ஒரு நெம்புகோலை இழுத்துக் காட்டி, வாயால் தண்ணீர்ச் சத்தமும் போட்டான்.

அருளம்பலத்தின் முப்பத்தொரு வருடப் பிரெஞ்சு அந்தச் சத்தத்தோடு போயிற்று.

வண்டிகளின் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் ஸ்தாஸியோன் என்பது வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தளம். நடுவில் இரும்பு மூடி போட்ட ஒரு குழி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். அருளம்பலம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பல்வைத்தியர் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கோப்பிக் குவளை, மறு கையில் தடித்த பழுப்பு நிறக் குழாய். சீட்டியடித்தபடி குழாயைக் கழுவி, சுருட்டி, "பொன் ஜூர்னே" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அருளம்பலம் தாடிக்காரனிடம், இதைச் செய்ய ஆள் யாரும் இல்லையா என்று கேட்டார். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கியபோது சிரித்தான். அவரவருடையதை அவரவர்தான், என்றான்.

ஆண்கள் மூவரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பத்தடி தள்ளி நின்றார்கள். அபினவ் போனில் செய்முறைக் காணொளி ஒன்றைத் தேடிப் பிடித்தான். அது முப்பது விநாடி ஓடி, சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டு நின்றது.

"எங்கடை குடும்பத்திலை," என்றார் அருளம்பலம் மெதுவாக, "ஒருத்தரும் உந்த வேலை தொட்டதில்லை. அப்பா காலத்திலை அதுக்கெண்டு ஆக்கள் வருவினம். பின்வளவாலை வந்து பின்வளவாலை போவினம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார்," என்றார் சௌந்தரராஜன். "கொல்லைப் பக்கமா வருவாங்க. எங்க தாத்தா அவங்க நிழல் கூடப் படக்கூடாதும்பார். இப்ப அதெல்லாம் சொல்லக்கூடாது, ஆனா..."

"சொல்லக்கூடாதுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பூர்வீகம் எது, உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம், குலதெய்வம் என்ன என்று மூன்று நாட்களாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டும் நேராகக் கேட்காமல் விட்ட கேள்விக்கு, அந்தக் குழியின் ஓரத்தில் இருவருக்கும் திருப்தியான பதில் கிடைத்தது. அருளம்பலத்துக்குச் சம்பந்தம் முடிந்த மாதிரியே தோன்றியது. குழாயை மட்டும் இன்னும் யாரும் தொடவில்லை.

வண்டிக் கதவு திறந்தது. யோகராணி இறங்கினார். கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அதிலிருந்து நீலக் கையுறை ஒரு சோடியை உருவி, விரல் விரலாக மாட்டினார். அந்தப் பெட்டியை அருளம்பலம் முன்பே பார்த்திருக்கிறார், லவால் வீட்டுச் சமையலறையில். அதை மனைவி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"சிஸ்டர், நீங்க எதுக்கு?" என்று கனகவல்லி பதறினார். "ஆள் யாராவது வருவாங்க."

"ஆள் நான்தான் அக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தெறிக்கும்."

வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். குழாயின் ஒரு முனையை அடியில் முறுக்கிப் பூட்டினார், மறுமுனையைக் குழிக்குள் விட்டுக் காலால் அமர்த்தினார். நெம்புகோலை இழுத்தார். மூன்று நாள் உபசாரமும் ஒரு நிமிடத்தில் இறங்கிப் போயிற்று. இரண்டாவது நெம்புகோலை இழுத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரால் குழாயைக் கழுவவிட்டார். பிறகு தண்ணீர் பிடித்து, தளத்தையும் கழுவினார். அவசரமுமில்லை, அருவருப்புமில்லை. இடியப்பம் பிழிந்தபோது இருந்த அதே முகம்.

"இந்த ஊர்ல நர்ஸுங்களே இதெல்லாம் செய்வாங்களா?" என்று கேட்டார் கனகவல்லி.

அருளம்பலம் வாயைத் திறந்தார். ஆனால் அவர் பத்தடி தள்ளி நின்றார்.

"நர்ஸ்மார் செய்யமாட்டினம். நான் நர்ஸ் இல்லை அக்கா. வயசுபோன ஆக்களின்ரை இல்லத்திலை வேலை. குளிக்க வாக்கிறது, துடைக்கிறது, பெட்பான் எடுக்கிறது. பத்தொன்பது வருஷம்."

"அவ பகிடி விடுறா," என்றார் அருளம்பலம்.

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப," என்று கனகவல்லி சொல்லைத் தேடினார், "ஆயா வேலையா?"

"உங்கடை ஊரிலை அப்பிடியே சொல்லுறது? ஓம், அப்ப அதுதான்."

சௌந்தரராஜன் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் மூன்று தரம் கழுவினார்.

கனகவல்லி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் ஏதோ கூடியும் கழிந்தும் ஓடியது. கடைசியில் குரல் இளகிற்று. "எங்க மாமியார் ரெண்டு வருஷமா படுக்கைலதான் இருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஆயா ஓடிடறா. நீங்க எவ்வளவு சுத்தமா பண்றீங்க." திரும்பிச் சிவாஜினியைப் பார்த்தார். "பொண்ணுக்கும் இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"எனக்கு வராது ஆன்ட்டி," என்றாள் சிவாஜினி. "அபினவுக்குப் பழக்குவம். உங்கடை மாமியார் அவருக்குத்தானே அப்பம்மா."

அபினவ் போனைப் பையில் வைத்தான். யோகராணி இன்னொரு சோடிக் கையுறையை நீட்டினார். அவன் வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பாம்பைத் தூக்குவது போலக் குழாயைத் தூக்கினான்.

"டேய், நீ ஏண்டா?" என்றார் கனகவல்லி.

"விடுங்கோ அக்கா," என்றார் யோகராணி. "தம்பி, அந்த முனையை உயர்த்திப் பிடியுங்கோ. இல்லாட்டி உங்கடை காலிலைதான் ஊத்தும்."

திரும்பும் வழியில் பெற்றோல் நிரப்ப நிறுத்தியபோது சௌந்தரராஜன் இறங்கி, அருளம்பலத்தின் பக்கம் வந்து நின்றார். மீட்டரில் எண்கள் ஓடின.

"நர்ஸுன்னு சொன்னீங்க, சார்."

"நர்ஸ் மாதிரித்தான். அதே கட்டிடம், அதே ஆக்கள்."

"சரி, விடுங்க. நாங்களும் ஊர்ல எல்லார்கிட்டயும் நர்ஸுன்னு சொல்லிட்டோம். இனிமே மாத்தினா அசிங்கம். அது அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வர்றவங்க என்ன சர்டிபிகேட்டா கேக்கப் போறாங்க?"

அருளம்பலத்துக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. "நீங்கள் பெரிய மனுசன் அண்ணை," என்று அவருடைய கையைப் பிடித்தார். சௌந்தரராஜன் கையை விடுவித்து, அதைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். யோகராணி பின் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நித்திரை என்று அருளம்பலம் நினைத்தார்.

லவாலில் செலீன் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள், உள்ளே போனாள், குனிந்து அடியைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தியபடி மேசைக்குத் திரும்பினாள். இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை, விடான்ஜ் யார் செய்தது என்று கேட்டாள்.

"நூ," என்றார் அருளம்பலம். நாங்கள்.

"நோ, மதாம்," என்றார் யோகராணி. "செ முவா." இல்லை, நான்தான்.

பிறகு இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். வேகமான பிரெஞ்சு. பத்தொன்பது வருடம் மொன்றியல் கிழவிகளுக்குச் சோறூட்டி, அவர்களுடைய திட்டுகளையும் பாட்டுகளையும் கேட்டுப் படித்த பிரெஞ்சு. செலீன் ஓரிடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் நெஞ்சில் கை வைத்தாள். கடிதம் வாசிக்கும் அருளம்பலத்துக்கு அதில் விடான்ஜ் என்ற சொல்லும் பத்தொன்பது என்ற எண்ணும் மட்டும் பிடிபட்டன. செய்தவர் கையெழுத்து வைக்கவேண்டும் என்று செலீன் படிவத்தைத் திருப்பி வைத்தாள். யோகராணி ஆறு பக்கத்தையும் முதலிலிருந்து வாசித்தார். எல்லாரும் காத்து நின்றார்கள். அதற்குப் பிறகு கையெழுத்து வைத்தார்.

பேனாவை மூடிக்கொண்டே சௌந்தரராஜன் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, ஊரிலை நர்ஸ் எண்டு சொல்லாதேங்கோ. ஆயா எண்டும் வேண்டாம். இஞ்சை அதுக்கு ஒரு பேர் இருக்கு, அதையே கலியாண வீட்டிலையும் சொல்லுங்கோ. சொல்ல வராட்டில் இவரிட்டைக் கேளுங்கோ. இவருக்குப் பிரெஞ்சு நல்லா வரும்."

கனகவல்லிதான் கேட்டார். கணவனைவிடச் சீக்கிரம் கணக்கு முடிப்பவர்.

"என்ன பேருங்க அது?"

எல்லாரும் அருளம்பலத்தைப் பார்த்தார்கள். சிவாஜினி பார்த்தாள். அபினவ் பார்த்தான். தமிழ் தெரியாத செலீனும், ஏதோ நடக்கிறது என்று தெரிந்து, பார்த்தாள்.

"ப்ரபோசி," என்றார் அருளம்பலம் தரையைப் பார்த்து.

"ப்ரெபோஸே," என்று செலீன் திருத்தினாள், அன்பாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அவர் இரண்டாவது தரமும் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த மேசையில் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.